கடல் பக்கத்து எட்டு முழம்

ராயபுரம் கடற்கரையில் வேர்க்கடலை வறுத்து விற்கும் அம்மாள் ஒருத்தி இருக்கிறாள். கடலுக்கு முதுகு காட்டி உட்காருவாள். அடுப்பு அவளுக்கு முன்னால், தெருப் பக்கமாக இருக்கும். கடற்காற்று அடுப்புப் புகையை அவளிடமிருந்து தூக்கிக்கொண்டு போய், எதிரே கடலை வாங்க நிற்பவர்கள் முகத்தில் விடும். அவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டே கையை நீட்டுவார்கள். அவளுக்குப் பக்கத்தில், புகை எட்டாத இடத்தில், ஒரு சாக்கு மடித்துப் போட்டிருக்கும். அது எனக்காகப் போட்டது. வேலையிலிருந்து நின்ற நாளாக, ஐந்து வருஷம், என் சாயங்காலங்கள் அந்தச் சாக்கில்தான் கழிந்தன. முதுகில் ஈரக்காற்று, கையில் சூடான கடலை, போகிறவர் வருகிறவர் பேச்சு. வயதான காலத்தில் ஒரு மனுஷனுக்கு இதற்குமேல் என்ன வேண்டும் என்று பல நாள் நினைத்திருக்கிறேன்.

அந்தச் சாக்கில் உட்கார எனக்கு யோக்கியதை இல்லை என்பது எனக்கு மட்டும் தெரிந்திருந்தது. சென்ற மாதம் அதை அவளிடம் சொல்லிவிட்டேன். அவளிடம் சொன்னதை இங்கே எழுதியும் வைக்கிறேன்.

எம்டன் கப்பல் வந்து குண்டு போட்டுவிட்டுப் போனதற்கு மறு வருஷம் எனக்கு நாற்பது வயது நடந்தது. எப்.ஏ. தேறியவன். துறைமுகத்தை ஒட்டிய ஒரு கரிக்கிடங்கில் ரைட்டர் வேலை. கிடங்கு என்றால் கூரை, சுவர் எதுவும் கிடையாது. கல்கத்தாவிலிருந்து கப்பலில் வரும் நிலக்கரியைப் படகில் இறக்கி, படகுத்துறையிலிருந்து கூடை கூடையாகச் சுமந்து வந்து வெட்டவெளியில் மேடாகக் கொட்டுவார்கள். மேடு தெற்கு வடக்காகப் படுத்திருக்கும். சுமப்பவர்கள் எல்லாரும் பெண்கள். வியாசர்பாடியிலிருந்தும் புளியந்தோப்பிலிருந்தும் விடியும்முன் நடந்து வருவார்கள்.

மேட்டுக்கும் கடல் தடுப்புச் சுவருக்கும் நடுவில் ஒரு சந்து இருந்தது. எட்டு முழம் அகலம். அந்தக் கிடங்கில் நல்ல மூச்சு விடக்கூடிய இடம் அந்த எட்டு முழம்தான். வெயில் காலத்தில் காலை பத்து மணிக்கு மேல் கடற்காற்று எழும்பும்; அதுவரை படகுத்துறையில் கரி இறக்கும் வேலை நடக்கும். எழும்பினால் பொழுது சாயும்வரை நிற்காது. பெண்கள் சந்து வழியாக வந்து, காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு கடல் பக்கமாக மேட்டில் ஏறி, மேற்கே பார்த்துக் கூடையைக் கவிழ்ப்பார்கள். புழுதி அவர்களை விட்டு விலகி அந்தப் பக்கம் போய்விடும். கவிழ்த்தவர்கள் தெற்கு முனையில் இறங்கி, அங்கே இருந்த என் மேசையைக் கடக்கும்போது தங்கள் எண்ணிக்கையைக் கூவிவிட்டுப் போவார்கள். ‘கொட்டின கூடைதான் கூடை’ என்பது கிடங்கின் சட்டம். கொட்டிவிட்டு வந்து சொன்னால்தான் நான் கோடு போடுவேன்.

இவர்கள் வரிசைக்குத் தலைவி ஒருத்தி இருந்தாள். முதல் கூடை அவளுடையது. அவள் அடி எடுத்து வைத்தால்தான் மற்றவர்கள் எடுத்து வைப்பார்கள். நாளின் முதல் கூடைக்கு, ஒன்று என்பதற்குப் பதில், நெல் அளக்கிறவர்கள் சொல்வதுபோல ‘லாபம்’ என்று அவள் குரல் கொடுப்பாள். அந்தக் குரல் படகுத்துறையில் நிற்கிறவனுக்கும் கேட்கும். காலையில் வந்ததும் ஒரு மூங்கிலில் பழைய சிவப்புத் துணிக் கிழிசலைக் கட்டி மேட்டின்மேல் நட்டுவைப்பதும் அவள்தான். துணி மேற்கே பறந்தால் ஏறலாம். துணி தொங்கினால், அல்லது கரைக்காற்றில் கடலைப் பார்த்துத் திரும்பினால், கூடையை இறக்கிவிட்டு உட்கார்ந்துவிட வேண்டும். மேஸ்திரி கத்துவார்.

“கத்து மேஸ்திரி, கத்து. நீ கத்தினா துணி திரும்பிடுமா?” என்பாள் அவள். அவள் யாரையும் மரியாதைப் பன்மையில் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. கிடங்கின் வெள்ளைக்காரத் துரை வந்தாலும் ‘இன்னா தொரை’தான்.

அந்தப் பெண்கள் தங்கள் நெஞ்சைக் காப்பாற்றிக்கொள்ளும் விதத்தை அப்போது நான் வேடிக்கை என்று நினைத்தேன். பீப்பாய்த் தண்ணீரில் துணியை நனைத்து, பிழிந்து, மூன்று மடிப்பாக மடித்து, மூக்கையும் வாயையும் சேர்த்துக் கட்டிக்கொள்வார்கள். மேட்டில் ஏறும்போது பேசமாட்டார்கள். கட்டின துணி கறுத்தால் அவிழ்த்து அலசிவிட்டு மறுபடி கட்டுவார்கள். வேலை முடிந்ததும் உப்புத் தண்ணீரால் தொண்டையைக் கழுவி, ஒரு துண்டு வெல்லத்தை வாயில் அடக்கிக்கொள்வார்கள். வெல்லம் என்ன செய்யும் என்று ஒரு நாள் கேட்டேன்.

“கரிக்குத் தித்திப்புன்னா ஆவாது ரைட்டரய்யா. எறங்கிப் பூடும்” என்றாள் வரிசையில் இரண்டாவதாக வருகிறவள். எதற்கும் சிரிக்க வைக்கிறவள் அவள்தான்.

நான் சிரித்தேனே தவிர, என் நெஞ்சுதான் அங்கே இருந்தவர்களில் மோசமான நெஞ்சு. சிறு வயது முதல் எனக்கு இளைப்பு உண்டு. என் மேசை இருந்த தெற்கு முனையில் காற்று சுழன்று அடிக்கும். கொட்டுகிற கரியில் கொஞ்சம் என் மேசைக்கும் வந்து சேரும். அந்த வருஷம் பங்குனியில் இளைப்பு விடவே இல்லை. இரவு முழுவதும் தலையணைகளை அடுக்கி உட்கார்ந்தபடியே கிடப்பேன். என் மனைவி காய்ந்த ஊமத்தை இலையைக் கொளுத்திப் புகை பிடிக்கச் சொல்வாள். வெந்நீரில் வேது பிடிக்க வைப்பாள். டாக்டரிடம் போனேன். அவர் வயதானவர், நிதானமாகப் பேசுவார்.

“மருந்து தரேன். ஆனா மருந்து பாதிதான். தூசு எந்தப் பக்கம் போகுதுன்னு பார்த்து அதுக்கு எதிர்ப்பக்கம் நில்லும். காத்து உம்ம முதுகிலே படணும், முகத்திலே படக்கூடாது” என்றார்.

கரி சுமக்கிற பெண்கள் ஒரு கிழிசல் துணியைக் கட்டிச் செய்துகொண்டிருந்ததைத்தான் அவர் எனக்குச் சொன்னார். நான் அதை அப்படிப் பார்க்கவில்லை. எட்டு முழச் சந்துதான் என் நினைவுக்கு வந்தது.

இனி எழுதுவதை மறைக்காமல் எழுதுகிறேன். மேசையை மட்டும் சந்தில் போட்டிருந்தால் மூன்று முழம் போதும். மிச்சமுள்ள ஐந்து முழத்தில் அவர்கள் போய்வந்திருக்கலாம். எனக்கு வெயிலும் படக்கூடாது என்று தோன்றியது. கொட்டகையாகப் போட்டால் ஆறு முழம் பிடிக்கும். கணக்கு ஒழுங்காக இருப்பதற்குக் கிழக்குப் பக்கத்தில் ஒரு கொட்டகை அவசியம் என்று இங்கிலீஷில் ஒரு காகிதம் எழுதினேன். என் இளைப்பைப்பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. துரை கையெழுத்துப் போடவேண்டிய காகிதக் கட்டின் நடுவில் அதைச் செருகி வைத்தேன். அவர் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். படிக்கமாட்டார் என்று தெரிந்துதான் செருகினேன்.

இரண்டு நாளில் ஓலைக் கொட்டகை எழுந்தது. மீதி இரண்டு முழத்தில் வெறுங்கையோடு ஒரு ஆள் போகலாம். தலையில் கூடையோடு போகமுடியாது. முதல் கூடைக்காரி வந்து நின்று கொட்டகையை மேலும் கீழும் பார்த்தாள்.

“இன்னா ரைட்டரய்யா இது? வயிய அடச்சிக்கினு கொட்டா போட்டுக்கீறாங்க?”

“துரை உத்தரவு” என்றேன்.

“தொரைக்கு இன்னாத்துக்கு இங்க கொட்டா? அவரு வந்து குந்தப் போறாரா?”

“கணக்கு சரியா இருக்கணுமாம். எனக்கென்ன தெரியும்? எழுதி வந்திருக்கு.”

“எயுதி வந்துக்கீதா…” என்றாள். எழுதி வந்ததை எதிர்த்து அவளால் ஒன்றும் சொல்லமுடியாது என்று எனக்குத் தெரியும். மேட்டின்மேல் பறந்துகொண்டிருந்த சிவப்புத் துணியை அண்ணாந்து பார்த்தாள். “அப்ப இனிமே அந்தாண்டதான் ஏறணும். கரிய மூஞ்சில வாங்கிக்கினு.”

“நல்லதுதான்க்கா” என்றாள் இரண்டாவது கூடைக்காரி. “கண்ணுக்கு மை தனியா வாங்கத் தேவல.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். அந்தச் சிரிப்புதான் இன்றைக்கும் என்னைக் குத்துகிறது.

அன்று முதல் அவர்கள் மேட்டைச் சுற்றிக்கொண்டு மேற்குப் பக்கமாக, எதிர்க்காற்றில் ஏறினார்கள். முன்னால் போகிறவள் கவிழ்க்கிற புழுதி பின்னால் வருகிறவர்கள் முகத்தில் அடிக்கும். மேலே வந்து, என் கொட்டகையைப் பார்த்து எண்ணிக்கையைக் கூவுவார்கள். கூவுவதற்கு வாய்த்துணியை இழுத்துவிட வேண்டும். கூவிவிட்டு மறுபடியும் அந்தப் புழுதிக்குள்ளேயே இறங்குவார்கள்.

அந்தக் கோடை எனக்கு மிகவும் சந்தோஷமாகப் போயிற்று. அதையும் சொல்லத்தான் வேண்டும். பத்து நாளில் இளைப்பு நின்றது. சித்திரையில் ஒரு ராத்திரி மல்லாந்து படுத்து விடியும்வரை தூங்கினேன். காலையில் எழுந்தபோது என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மூச்சு இருக்கிறதா என்று பார்க்க எழுந்தவள், அப்புறம் தூங்கவே மனம் வரவில்லையாம். ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் திருவொற்றியூர் கோயிலுக்கு நடந்தே போய்வந்தோம். போகிற வழியில் டோல்கேட் வந்ததும் எப்போதும் நான் மூச்சு வாங்கி நின்றுவிடுவேன். அந்தக் கோடையில் ஒரு நாளும் நிற்கவில்லை. “டாக்டர் நல்ல டாக்டர்” என்றாள் அவள். நான் ஆமாம் என்றேன்.

கிடங்கிலோ முதல் கூடைக்காரியின் குரல் தேய்ந்துகொண்டு வந்தது. முதலில் ‘லாபம்’ படகுத்துறைக்குக் கேட்காமல் போயிற்று. வைகாசியில் எண்களை முழுதாகச் சொல்லமாட்டாமல் நடுவில் இருமினாள். ஆனியில் கூவுவதை விட்டுவிட்டு விரல்களை மட்டும் காட்டினாள். அவள் முன்னால் போகும் வரிசை வழியில் இரண்டு தரம் நின்று ஏறியது. தலைக்கூடை நின்றால் வரிசை முழுவதும் நிற்கவேண்டும். மேஸ்திரி என் கொட்டகையில் வந்து உட்கார்ந்து, “மொதல் கூடைய வேற ஒருத்திக்குக் குடுத்துரலாம்னு கீறேன் ரைட்டரய்யா. அவளுக்கு நெஞ்சு பூட்ச்சி. பெருக்கற வேலைக்கு அனுப்பிரலாம். இன்னா சொல்றீங்கோ?” என்றார்.

முதல் கூடை போனால் அவளுக்கு என்ன போகும் என்று எனக்குத் தெரியும். கூலி குறையும். அது ஒன்று. துணி கட்டுகிற உரிமையும் போய்விடும்; மேஸ்திரி சொல்லுகிற நேரத்துக்கு, காற்று எப்படி இருந்தாலும் எல்லாரும் ஏறவேண்டி வரும். ‘கொட்டகையை எடுத்தால் சரியாகிவிடும்’ என்று அப்போதே சொல்லியிருக்கலாம். “இன்னும் ஒரு மாசம் பார்க்கலாமே” என்றேன். அதைப் பெரிய தயவு என்று வேறு நினைத்துக்கொண்டேன்.

அந்த மாதம் முடியவில்லை. ஆடி பிறந்து சில நாள் ஆகியிருக்கும். பிற்பகலில் மேட்டின் உச்சிக்கு வந்தவள் கூடையைக் கவிழ்க்காமல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கூடை உருண்டு வந்து என் கொட்டகைக் கூரையில் மோதியது.

கீழிருந்து மேஸ்திரி கத்தினார்: “இன்னா நாடகம் ஆடிக்கினு கீறே? எந்திரி!”

“நாடகமா?” என்று இரண்டாவது கூடைக்காரி மேலேயிருந்து திருப்பிக் கத்தினாள். “உன் மூக்க இங்க கொணாந்து வையி பேமானி. நீ எத்தினி நேரம் ஆடறேன்னு பாக்கலாம்!”

நான்கு பெண்கள் அவளைத் தாங்கிப் பிடித்துக் கடல் பக்கமாக இறக்கினார்கள். வேறு எங்கே கொண்டுபோவார்கள்? என் கொட்டகைக்குத்தான். என் முக்காலியில் உட்காரவைத்தார்கள். இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றி, தோள்கள் காதுவரை ஏறி இறங்க, உதடு கறுக்க உட்கார்ந்தாள். அப்படி உட்காருவது எனக்குப் பழக்கமானது. எத்தனையோ ராத்திரி நானே அப்படி உட்கார்ந்திருக்கிறேன். வெளியிலிருந்து அதைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

எல்லாரையும் விலகச் சொன்னேன். “படுக்க வைக்காதீங்க. முன்னாலே சாய்ஞ்சுக்கோ அம்மா, கையை மேசைமேலே வை. மூச்சை இழுக்காதே, விடு. அடுப்பு ஊதற மாதிரி மெதுவா விடு” என்றேன். டாக்டர் எனக்குச் சொல்லிக்கொடுத்தது. அரை மணி ஆயிற்று. தோள்கள் இறங்கின. உதட்டில் நிறம் வந்தது. சுற்றிலும் பார்த்தாள், காற்றில் படபடக்கும் என் காகிதங்களைப் பார்த்தாள், கடலைப் பார்த்தாள்.

“இன்னா சில்லுனு கீது இங்க!” என்றாள்.

மூன்று நாள் அவள் வரவில்லை. அந்த மூன்று நாளும் சிவப்புத் துணி கட்ட ஆள் இல்லை. என் கொட்டகையில் காற்று முன்போலவே வந்துகொண்டிருந்தது. எனக்குத்தான் அங்கே உட்காரப் பிடிக்கவில்லை. எழுந்து மேற்குப் பக்கம் போய் நின்று பார்த்தேன். நூறு எண்ணுவதற்குள் இருமல் வந்தது. அவர்கள் மூன்றரை மாதம் நின்ற இடம் அது.

நாலாம் நாள் வந்தாள். கூடையை எடுக்காமல் நேரே என்னிடம் வந்தாள்.

“ரைட்டரய்யா, ஒண்ணு கேக்கறேன். கோச்சிக்காதே. நீ இன்னாத்துக்குக் கொட்ற எடத்துல எண்றே? தூக்கற எடத்துல எண்ணினா ஆவாதா?”

“கொட்டின கூடைதான் கூடை. அது சட்டம்.”

“தூக்கின கூடைய நடு வயியில தின்னுருவமா?”

அவள் சொன்ன இடத்தைத் திரும்பிப் பார்த்தேன். படகுத்துறை கடலை ஒட்டி இருக்கிறது. அங்கே மேசை போட்டால் என் முதுகில் நாள் முழுவதும் கடற்காற்று. மேடு எனக்கு எதிரே தொலைவில். சந்து முழுவதும் அவர்களுக்கு. பங்குனியில் அவளிடம் ஒரு வார்த்தை, ‘எனக்கு இளைப்பு அம்மா, எங்கே உட்காரட்டும்?’ என்று கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பாள். இங்கிலீஷில் காகிதம் எழுதத் தெரிந்த எனக்கு அது கேட்கத் தோன்றவில்லை.

இன்னொரு காகிதம் எழுதினேன். அதையும் துரை படிக்காமல் கையெழுத்துப் போட்டார். கொட்டகையைப் பிரித்து, என் மேசையைப் படகுத்துறைக்குக் கொண்டுபோனார்கள். பெண்கள் மறுபடியும் சந்து வழியாக வந்து, காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு மேட்டில் ஏறினார்கள். முதல் கூடை அவளிடமே நின்றது.

இந்த இடத்தில் இரண்டாவது தப்பைச் செய்தேன். ‘எப்படி ரைட்டரய்யா தொரை ஒத்துக்கினாரு?’ என்று அவர்கள் கேட்டார்கள். உண்மையைச் சொல்ல வாய் திறந்தேன். வந்தது வேறு.

“சண்டைதான் போட்டேன். அவங்க மூச்சு உங்களுக்கு விளையாட்டா இருக்கான்னு கேட்டேன்.”

ஒருத்தி கைதட்டினாள். இரண்டாவது கூடைக்காரி, “நம்ம ரைட்டரு சண்டையா! இருமிக் காட்டியே தொரைய ஓட வெச்சிருப்பாரு” என்றாள். மறுநாள் முதல் ஒரு புது வழக்கம் வந்தது. பகல் பன்னிரண்டு மணிக்கு யாராவது ஒருத்தி, நனைத்துப் பிழிந்து மூன்றாக மடித்த வெள்ளைத் துணி ஒன்றை என் மேசைமேல் வைத்துவிட்டுப் போவாள். எனக்கு அங்கே அது தேவைப்படவில்லை. ஆனாலும் வைப்பார்கள். காற்று திரும்பினால், “மொதல்ல ரைட்டருக்குச் சொல்லு!” என்று மேட்டிலிருந்து குரல் வரும். நான் வேலையிலிருந்து நிற்கும்வரை அந்தத் துணி தினமும் வந்தது. ஒரு நாளும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

மழைக்காலம் போனதும் முதல் கூடைக்காரிக்கு மூச்சு ஓரளவு தேறியது. முன்போல ஆகவில்லை. நாலு வருஷம் கழித்து, மேடு ஏற முடியாமல், கரியை விட்டுவிட்டு ராயபுரம் கடற்கரையில் இந்தக் கடலை அடுப்பை வைத்தாள். “கரி தின்ன நெஞ்சு” என்பாள் சாதாரணமாக. அத்தனை வருஷக் கரியில் எந்த மூன்றரை மாதக் கரி அதைச் செய்தது என்று எனக்குத் தெரியும்.

சென்ற மாதம் ஒரு சாயங்காலம், மில்லில் வேலை செய்கிற ஒருவர் கடலை வாங்க வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். பஞ்சுத் தூசில் கெட்ட இருமல். புகையில் நின்று இருமிக்கொண்டே, “அம்மா, அந்தச் சாக்குல கொஞ்ச நேரம் குந்திக்கட்டுமா? இங்க மூச்சு முட்டுது” என்றார்.

“அது ரைட்டரு எடம்பா” என்றாள் அவள். “எங்க நெஞ்சுக்காகத் தொரையாண்ட சண்ட போட்ட மனுசன். அவரு எடத்த யாருக்கும் தரமாட்டேன். நீ கொஞ்சம் தள்ளி நில்லு.”

அவர் தள்ளி நின்றார். புகையும் அவரோடு தள்ளிப் போயிற்று. கடலையை வாங்கிக்கொண்டு இருமியபடியே நடந்தார். நான் எழுந்து இடம் கொடுத்திருக்கலாம். அதைக்கூடச் செய்யாமல் உட்கார்ந்திருந்தேன். அவர் இருமல் தெருத் திரும்பியும் கேட்டது.

அதற்குமேல் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. சொன்னேன். கொட்டகை துரையுடைய யோசனை இல்லை, நான் எழுதினேன். வெயில் படக்கூடாது என்று ஆறு முழம் எடுத்துக்கொண்டேன். சண்டை எதுவும் நடக்கவில்லை.

அவள் கரண்டியை நிறுத்தவில்லை. சட்டியில் மணலும் கடலையும் சலசலத்துக்கொண்டிருந்தன.

“நீயா எயுதின?”

“நான்தான்.”

“ரெண்டு சீட்டும்?”

“ரெண்டும்.”

“எப்பவாச்சும் சொல்லலாம்னு தோணலியா ரைட்டரே? இத்தினி வருசம் ஈரத்துணி வெச்சமே, அப்பகூட?”

“தோணும். துணி வரும்போதெல்லாம் தோணும். நாளைக்குச் சொல்லலாம்னு விட்டுடுவேன்.”

கடலைச் சட்டியை இறக்கினாள். சல்லடையில் மணலைச் சலித்தாள். என்னை ஒரு முறை நன்றாகப் பார்த்தாள்.

“எந்திரி” என்றாள்.

“என்ன?”

“இன்னா பாக்கறே? எந்திரி. அந்தாண்ட போய் குந்து.”

எழுந்தேன். அடுப்பைச் சுற்றிப் போய், தெருப் பக்கம், புகைக்கு நேராக மணலில் உட்கார்ந்தேன். அடுத்த ஈடு கடலையைச் சட்டியில் போட்டாள். விறகு ஈரம் போலிருக்கிறது. கண் எரிந்தது, தொண்டை கமறியது. மேல்துண்டை நனைத்துக்கொள்ள அவள் தண்ணீர்ச் சொம்புக்குக் கையை நீட்டினேன்.

“அத்த வையி. அது குடிக்கற தண்ணி.”

கடலை வாங்க வந்த ஒருவன், “இன்னா நைனா, எடம் மாறிப் பூட்டே?” என்றான்.

“எட்டு மொயம் அளந்துகினு கீறாரு” என்றாள் அவள். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குச் சிரிப்பு வந்து, சிரிப்போடு இருமலும் வந்தது. அந்த ஈடு வறுபட்டதும், “போதும். இந்தாண்ட வா” என்றாள். “நாளைக்கு ஒரு ஈடு. நாங்க எத்தினி நாளு அந்தாண்ட ஏறினமோ அத்தினி நாளு.”

“மூணரை மாசம்.”

“உனக்குத்தான் கணக்கு வருமே. நீயே வெச்சிக்க.”

தினமும் போகிறேன். ஒரு ஈடு வறுபடும்வரை புகைப் பக்கம் உட்காருகிறேன். அவ்வளவு நேரம் என் நெஞ்சு தாங்குகிறது. இப்போது என்னைப் பார்க்கும் டாக்டருக்கு இது தெரியாது. பிறகு எழுந்து அவள் பக்கம் வருகிறேன். சாக்கை அந்த மில்காரருக்கு விட்டுவிட்டோம். அவர் வராத நாளில் மட்டும் நான் உட்காருகிறேன். வந்தால் பக்கத்தில் மணலில் உட்கார்ந்துகொள்கிறேன். நனைத்த துணியை மூன்றாக மடித்துக் கட்டிக்கொண்டு மில்லுக்குள் நிற்கும்படி அவள் அவருக்குச் சொல்லியிருக்கிறாள். “சிரிக்கறானுங்கம்மா” என்கிறார் அவர். “சிரிக்கட்டும். அவனுங்களுக்கும் ஒண்ணு மடிச்சிக் குடு” என்கிறாள்.

நேற்று பத்தொன்பதாவது நாள். காற்று பலமாக அடித்தது. புகை வேறு எங்கும் போகாமல் என் முகத்துக்கே வந்தது. பாதி ஈட்டில் அவள் சொம்பை எடுத்து, தன் தோளிலிருந்த துண்டை நனைத்துப் பிழிந்து, மூன்றாக மடித்து அடுப்புக்கு மேலாக வீசினாள். மடியில் வந்து விழுந்தது. கட்டிக்கொண்டேன்.